வழிகாட்டிய வழிப்போக்கர் தாமஸ் குக்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

மன்னர்களின் வரலாற்றை நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். போரில் வென்றவர்கள், புது நாடுகளைக் கண்டவர்கள், விஞ்ஞான உண்மைகளை உலகுக்கு அளித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். ஆனால் ஏழை எளியவரும் ஊர் எல்லையைத் தாண்டிப் பண்டைய நாடுகளைக் கண்டு, பத்திரமாக வீடு திரும்பலாம் என்று நடத்திக் காட்டிய ஒருவரை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் தாமஸ் குக். பெருநகரங்களின் கடைப் பலகைகளில் அப்பெயரைப் பார்த்தவர்கள் அதை ஒரு கம்பெனியின் பெயர் என்றே எண்ணியிருப்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அவரைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவர் என் அத்தை. தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்திற்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் எங்களுடையது. அத்தை பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் சமைத்தவர். சாவதற்குள் எருசலேமைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. எகிப்து, இசுரேல், யோர்தான் ஆகிய மூன்று நாடுகளுக்கும் பத்து நாள் பயணம் என்று அச்சிட்ட துண்டறிக்கை ஒன்று 2019ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கு வந்தது. சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாயை அத்தை முன்பணமாகக் கட்டினார். 2020 ஏப்ரலில் புறப்பட வேண்டும். அதற்குள் கொரோனா வந்து உலகமே கதவடைத்துக் கொண்டது. பயண ஏற்பாட்டாளர் இரண்டு ஆண்டுகள் அலைக்கழித்து, பாதிப் பணத்தை மட்டுமே திருப்பித் தந்தார். அந்தப் பாதியும் சீட்டில் எஞ்சியதும் பிறகு எதற்குச் செலவாயின என்பதை இக்கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

அந்தத் துண்டறிக்கை இன்றும் அத்தையின் வேதாகமத்திற்குள் இருக்கிறது. இப்படி ஒரு பயணத்தை முதன்முதலில் திட்டமிட்டவர் யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. நூலகத்தில் தேடியபோது கிடைத்த விடைதான் இந்தப் பெருமகனாரின் வாழ்க்கை.

இளமையும் வறுமையும்

இங்கிலாந்தில் டார்பிஷயர் மாவட்டத்தில் மெல்போர்ன் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் வேறு, இது வேறு. இச்சிற்றூரில் 1808ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தாமஸ் குக் பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். பத்தாவது வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. தோட்ட வேலைக்குச் சென்றார். கூலி நாளொன்றுக்கு ஒரு பென்னி. பதினான்காம் வயதில் உறவினர் ஒருவரிடம் மரவேலை கற்கச் சேர்ந்தார். எங்கள் ஊர் வாழைத் தோட்டங்களில் பள்ளியை விட்டுவிட்டுத் தார் சுமக்கும் சிறுவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவனாகவே அந்தச் சிறுவன் எனக்குத் தோன்றுகிறான்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் படித்தாரா, தெருவிளக்கில் படித்தாரா என்று கதை கட்ட நான் விரும்பவில்லை. பள்ளி அவருக்குப் பத்து வயதோடு முடிந்துவிட்டது என்பதே போதும். பிற்காலத்தில் பத்திரிகை நடத்தியதும் வழிகாட்டி நூல்கள் எழுதியதும் அந்தப் பத்து வயதுப் படிப்பை வைத்துக் கொண்டுதான்.

நடந்தே தேய்ந்த பாதங்கள்

பாப்திஸ்து திருச்சபையைச் சேர்ந்த குக், 1828ஆம் ஆண்டு ஊர் ஊராகச் சென்று சமயப் பிரசாரம் செய்யும் ஊழியரானார். அடுத்த ஆண்டு அவர் கடந்த தொலைவை அவரே கணக்கு வைத்திருந்தார். ஓராண்டில் 2,692 மைல். அதில் 2,106 மைல் கால்நடையாகவே சென்றார். நம் கணக்கில் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காசிக்கு நடந்து, திரும்பவும் பாதி வழி வருவதற்கு ஒப்பான நடை என்றால் மிகையாகாது.

வழிப்போக்கனின் துன்பம் யாது என்பதை அவர் பாதங்கள் அறிந்திருந்தன. எந்த ஊரில் தண்ணீர் கிடைக்கும், எந்தச் சத்திரத்தில் படுக்கை கிடைக்கும், எங்கே மழைக்கு ஒதுங்கலாம் என்பன அவருக்கு வாழ்க்கைப் பாடம். பின்னாளில் அவர் செய்த தொழிலுக்கு இந்த நடையே முதலீடு எனலாம்.

1833ஆம் ஆண்டு மேரியான் மேசன் என்ற நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு ஜான் மேசன் குக் என்னும் மகன் பிறந்தான். அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களைக் குடிப்பழக்கம் சீரழித்து வந்தது. குக் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டு, மதுவிலக்கு இயக்கத்தில் முழு மூச்சாக ஈடுபட்டார். மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் மரத்தச்சுத் தொழில் செய்துகொண்டே கூட்டங்களில் பேசி வந்தார்.

ஒரு ஷில்லிங் பயணம்

1841ஆம் ஆண்டு ஜூன் திங்கள் ஒருநாள், லெஸ்டர் நகரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்திற்குக் குக் நடந்து சென்றார். தூரம் பதினைந்து மைல் அளவு. வழியில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அப்போதுதான் புகைவண்டிப் பாதைகள் இங்கிலாந்தெங்கும் விரிந்து கொண்டிருந்தன. தொழிலாளர்களைக் கூட்டமாகப் புகைவண்டியில் ஏற்றி அடுத்த கூட்டத்திற்கு அழைத்துச் சென்றால் என்ன? குடிக்கடைக்குப் போகும் ஓய்வு நாளை ஒரு நல்ல உலாவாக மாற்றினால் என்ன?

எண்ணம் செயலாயிற்று. புகைவண்டிக் கம்பெனியாரிடம் பேசித் தனி வண்டி ஏற்பாடு செய்தார். 1841 ஜூலை 5ஆம் நாள், லெஸ்டரிலிருந்து லாஃப்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேர் புறப்பட்டனர். போக வரக் கட்டணம் ஒரு ஷில்லிங். கூரையில்லாத பெட்டிகளில் ஏறி, வாத்திய முழக்கத்துடன் சென்றனர். அங்கே ஒரு பூங்காவில் விளையாட்டு, தேநீர், சொற்பொழிவு. மாலையில் எல்லோரும் நலமாக ஊர் திரும்பினர்.

அவர்கள் சென்ற தூரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? திருநெல்வேலிச் சந்திப்பில் திருச்செந்தூர் வண்டி ஏறிச் செய்துங்கநல்லூரில் இறங்கும் தூரம்தான் ஏறக்குறைய! இதற்கு முன்பும் இங்கிலாந்தில் சிறப்பு உல்லாசப் புகைவண்டிகள் ஓடியிருக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆயினும் பயணச்சீட்டு, உணவு, நிகழ்ச்சி அனைத்தையும் ஒரே கையில் ஏற்றுக்கொண்டு, போகிறவர் கவலையின்றிப் போகலாம் என்னும் முறையை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் குக்.

அவ்வாண்டே லெஸ்டர் நகரில் குடியேறி அச்சகமும் புத்தகக் கடையும் வைத்தார். அடுத்த சில கோடைகளில் மதுவிலக்குச் சங்கத்தாருக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலாபம் கருதாமல் பயணங்கள் நடத்தினார்.

முன்னே சென்று பார்த்தவர்

1845ஆம் ஆண்டுதான் பயண ஏற்பாட்டைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். லெஸ்டரிலிருந்து லிவர்பூல் துறைமுகத்திற்கும், அங்கிருந்து நீராவிக் கப்பலில் வேல்ஸ் நாட்டுப் பழங்கோட்டையான கார்னார்வனுக்கும் பயணம். இங்கே அவர் செய்த ஒரு செயல் என் மனத்தைக் கவர்ந்தது. கூட்டத்தை அழைத்துச் செல்லுமுன் அவ்வழி முழுவதையும் தாம் ஒருமுறை தனியே சென்று பார்த்தார். தங்கும் விடுதிகளைச் சோதித்தார். காண வேண்டிய இடங்களை எழுதி, வழிகாட்டிக் கைந்நூலாக அச்சிட்டுப் பயணிகளுக்குக் கொடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவர் வேன் ஓட்டுநர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கு அடியார்களை அழைத்துச் செல்வார். ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதி, பெருங்குளம், தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என ஒன்பது தலங்களையும் நடை சாத்துமுன் காட்டிவிட வேண்டும். நாங்கள் கிறித்தவர்கள். ஆயினும் எந்தக் கோயில் எந்நேரம் திறக்கும், எந்நேரம் அடைக்கும் என்பது என் தந்தைக்கு அத்துபடி. புரட்டாசி பிறக்கும் முன் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் தனியே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எங்கே சாலை பெயர்ந்திருக்கிறது, எங்கே வேன் நிறுத்தலாம், வயதான பெண்மணிகளுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துக் கொள்வார். விடுமுறை நாட்களில் நானும் அவருக்கு உதவியாகச் சென்றிருக்கிறேன். இது ஓட்டுநர் வேலையின் ஒரு பகுதி என்றுதான் நினைத்தேன். குக் அவர்களின் வரலாற்றைப் படித்த பிறகே இதன் அருமை புரிந்தது.

ஏற்பாடுகள் பிசகியதன் பலனையும் குக் அனுபவித்தார். 1846ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துப் பயணத்திற்கு ஏறத்தாழ 350 பேரை அழைத்துச் சென்றபோது, புகைவண்டியில் கழிப்பறை வசதி இல்லை. வழியில் தருவதாகச் சொன்ன தேநீர் கிடைக்கவில்லை. கப்பலில் போதிய அறைகள் இல்லாமல் பலர் மேல்தளத்தில் இரவு முழுதும் நனைந்தனர். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களில் கிடைத்த சிறப்பான வரவேற்பும் அந்த மனக்குறையை முற்றும் போக்கவில்லை. பேரும் கெட்டது, பணமுடையும் நேர்ந்தது. ஆனால் அவர் ஓடி ஒளியவில்லை. குறைகளைத் திருத்திக்கொண்டு மீண்டும் ஸ்காட்லாந்திற்கே அழைத்துச் சென்றார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர் அவருடன் செல்லலாயினர்.

உழைப்பாளியின் சேமிப்பு

1851ஆம் ஆண்டு லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தது. கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பிய பளிங்கு மாளிகையில் பல நாடுகளின் கைவினைகளும் இயந்திரங்களும் வைக்கப்பட்டிருந்தன. ஆலைத் தொழிலாளி அதைப் பார்ப்பது எப்படி? வாரக்கூலியில் லண்டன் செல்லப் பணம் ஏது?

குக் ஒரு வழி கண்டார். தொழிலாளர்கள் சங்கமாகக் கூடி, வாரந்தோறும் சிறு தொகையைச் சேமித்து, பொருட்காட்சி தொடங்கியதும் அப்பணத்தில் பயணம் செய்யுமாறு ஊக்குவித்தார். நம்மூர்ப் பெண்கள் நடத்தும் சீட்டு போன்றதுதான் இது! பதினேழு வயது மகன் ஜான் மேசனும் தந்தையுடன் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினான். அவ்வாண்டு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரைக் குக் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். பொருட்காட்சியையும் பயணங்களையும் விளம்பரப்படுத்த அவர் தொடங்கிய செய்தித்தாள் அவர் காலத்திற்குப் பின்னும் தொடர்ந்தது.

இங்கே ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். செல்வர் பார்த்த காட்சியை ஏழையும் பார்க்கலாம் என்று சொல்வது எளிது. அதற்கு வாரம் எத்தனை பென்னி சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதே தொண்டு.

கடல் கடந்த பயணங்கள்

1855ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியை ஒட்டி, பெல்ஜியம், ஜெர்மனி வழியாகப் பிரான்சுக்குச் செல்லும் சுற்றுப்பயணத்தைக் குக் நடத்தினார். அதில் அவருக்கு நட்டமே ஏற்பட்டது. 1862இல் ஸ்காட்லாந்துப் புகைவண்டிக் கம்பெனிகள் அவருக்குச் சலுகைச் சீட்டுத் தர மறுத்தன. ஒரு கதவு அடைத்தால் வேறு கதவைத் தட்டுபவர் அவர். 1863இல் சுவிட்சர்லாந்துக்கும் 1864இல் இத்தாலிக்கும் பயணிகளை அழைத்துச் சென்றார். இத்தாலியில் உரோமைப் பேரரசின் இடிபாடுகளைக் கண்டவர்களுள் பள்ளி ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் இருந்தனர். தனியே பயணம் செய்ய அஞ்சிய பெண்கள் பலர் அவருடைய குழுக்களில் துணிந்து சேர்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இது மேட்டுக்குடியினர் சிலருக்குப் பொறுக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரகப் பதவி வகித்த சார்லஸ் லீவர் என்னும் நாவலாசிரியர், ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளைத்தான் இந்த ஆள் இத்தாலிக்குக் கொண்டுவந்து இறக்குகிறார் என்னும் பொருள்பட 1865இல் எழுதினார். குக் கொதித்தெழுந்தார். அயலுறவு அமைச்சருக்கே முறையிட்டார். பதில் எழுதி அச்சிட்டார். கடவுளின் உலகையும் கலைச் செல்வங்களையும் காணும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்பதே அவர் வாதத்தின் சாரம்.

முதல் பட்டதாரியாகக் கல்லூரி வாயிலில் கால் வைத்த நாளில், நமக்கு இங்கே என்ன வேலை என்ற கூச்சம் எனக்கு இருந்தது. வேறு சிலர் முகங்களிலும் அந்தக் கூச்சத்தைக் கண்டேன். ஆதலால் அந்தக் கேலி எத்தகையது என்பதை என்னால் உணர முடிகிறது. குக் செய்த வாதம் நமக்காகவும் செய்யப்பட்டது என்றே கொள்கிறேன்.

பிரமிடுகளின் நாட்டில்

குக் அவர்களின் வாழ்வில் சிகரமாக விளங்குவது 1869ஆம் ஆண்டின் எகிப்து, பாலஸ்தீனப் பயணமே. வேதத்தில் படித்த நாட்டை நேரில் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அவா. முந்தைய ஆண்டு இறுதியில், தம் வழக்கப்படி, முதலில் தாமே சென்று வழியையும் வசதிகளையும் ஆராய்ந்து திரும்பினார். பின்னர் 1869 தொடக்கத்தில் முப்பது பேரளவில் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். நைல் நதியில் மேலே செல்ல இரண்டு நீராவிப் படகுகளை வாடகைக்கு எடுத்தார். அதே வேளையில் இங்கிலாந்தின் இளவரசரும் தம் பரிவாரத்துடன் நைல் நதியில் சென்று கொண்டிருந்தார். ஒரு தோட்டக் கூலிச் சிறுவன் வளர்ந்து, இளவரசருக்குப் பின்னாலேயே சாமானியரை அழைத்துச் சென்றான் என்றால், என்னே காலத்தின் மாற்றம்!

பிரமிடுகள் கட்டி அப்போதே நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகி இருந்தன. லக்சார், கர்னாக் கோயில்களின் பெருந்தூண்களைப் பயணிகள் கண்டனர். பாலஸ்தீனத்தில் பயணிகள் தங்க நல்ல விடுதிகள் அரிது. எனவே கூடாரம், கட்டில், சமையற்காரர், பொதி சுமக்கும் கோவேறு கழுதை, ஏறிச் செல்லக் குதிரை, மொழிபெயர்ப்பாளர் ஆகிய அனைத்தையும் ஒரு படையெடுப்பைப் போலத் திட்டமிட வேண்டியிருந்தது. பகலில் பயணம், மாலையில் கூடாரம், காலையில் மீண்டும் மூட்டை கட்டல் என்று எருசலேமைச் சென்றடைந்தனர். அவ்வாண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோதும் குக் ஒரு குழுவுடன் அங்கே இருந்தார்.

அத்தையின் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் நாடுகளுள் எகிப்தும் எருசலேமும் ஒன்றாக அமைந்திருப்பது தற்செயல் அன்று. இரண்டையும் ஒரே பயணமாக இணைத்து, முன்கூட்டியே விலை குறித்து, எல்லோருக்கும் அறிவித்த முறை அன்று அவர் வகுத்தது. தமிழக அரசும் பின்னாளில் எருசலேம் செல்லும் கிறித்தவர்களுக்கு நிதியுதவி அளித்திருக்கிறது.

எகிப்து நமக்கு அந்நிய நாடு என்று எண்ண வேண்டா. செங்கடற்கரையில் குசேர் அல் காதிம், பெரனிகே என்னும் பழந்துறைகளில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. முத்துக்குப் பேர்போன கொற்கை நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் விளங்கிய துறைமுகம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் போய் வந்த வழிதான் அது.

உலகைச் சுற்றி

1872 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து ஒரு சிறு குழுவுடன் குக் புறப்பட்டார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, நம் இந்தியா, எகிப்து வழியாக 222 நாட்களில் உலகைச் சுற்றித் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 64 நிரம்பும் தறுவாய். எண்பது நாட்களில் உலகைச் சுற்றும் ஜூல்ஸ் வெர்னின் கதை பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்ததும் அந்த ஆண்டின் இறுதியில்தான். கற்பனையில் ஒருவர் சுற்றியபோது, வெள்ளி முடியோடு மற்றொருவர் உண்மையிலேயே சுற்றிக் கொண்டிருந்தார்!

அந்நிய நாட்டில் பயணியைப் பெரிதும் அச்சுறுத்துவது பணம். கையில் நாணயமாகக் கொண்டு சென்றால் திருடர் பயம்; நாட்டுக்கு நாடு நாணயமும் மாறும். 1868இல் குக் விடுதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார். ஊரிலேயே பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, அயல்நாட்டு விடுதியில் அதைக் கொடுத்து உண்டு உறங்கலாம். 1874இல் சுற்றுக் குறிப்பு என்னும் பணமுறியை வெளியிட்டார். பிற்காலப் பயணிகள் காசோலைக்கு இது முன்னோடி. இவை யாவும் நம்பிக்கை என்னும் ஒரே அடித்தளத்தின் மேல் நின்றவை. ஏற்பாட்டாளர் நாணயம் தவறினால் சீட்டு வெறுங்காகிதமே. அத்தையிடம் இருக்கும் இரசீதைப் பார்க்கும்போது இதை நினைத்துக் கொள்வேன்.

தந்தையும் மகனும்

வெற்றி மிகுந்த அம்மனிதரின் இறுதிக் காலம் துயரம் மிகுந்தது. நிறுவனம் 1871 முதல் தாமஸ் குக் அண்ட் சன் எனப் பெயர் பெற்றது. தந்தை பயணத்தைத் தொண்டாகக் கருதினார். மகன் அதைத் தொழிலாகக் கருதினார். சமயப் பணிகளுக்குத் தந்தை பணம் செலவிடுவது மகனுக்குப் பிடிக்கவில்லை. சச்சரவு முற்றி, 1870களின் முடிவில் தந்தை நிறுவனப் பொறுப்பிலிருந்து விலகினார். மகனின் திறமையால் நிறுவனம் உலகெங்கும் வளர்ந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

1880இல் அன்பு மகள் ஆனி, குளியலறையில் நீரைச் சூடாக்கும் புதுக்கருவியின் நச்சுப்புகையால் உயிரிழந்தாள். 1884இல் மனைவி மறைந்தார். உலகக் காட்சிகளைப் பிறருக்குக் காட்டிய கண்கள் பார்வையை இழந்தன. அந்நிலையிலும் 1888இல் பாலஸ்தீனத்திற்கு ஒருமுறை சென்று வந்தார். பிறந்த ஊரான மெல்போர்னில் ஏழை முதியவர்க்கு வீடுகள் கட்டித் தந்தார். 1892 ஜூலை 18ஆம் நாள் லெஸ்டர் நகரில் தம் 83ஆம் வயதில் மறைந்தார்.

குறையும் நிறையும்

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது நிறையை மட்டும் எழுதுவது முறையன்று. குக் நிறுவனம் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் நிழலிலேயே வளர்ந்தது. 1884இல் சூடானில் சிக்கிய தளபதி கார்டனை மீட்கச் சென்ற படையினரை நைல் வழியே ஏற்றிச் சென்றது மகனின் படகுகளே. பம்பாயிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் பயணிகளின் ஏற்பாட்டை இந்திய அரசாங்கம் 1886 முதல் 1893 வரை இந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பயணிகள் பெருகப் பெருக, பழம்பொருள்களை விலைக்கு வாங்கிச் செல்வதும் பெருகிற்று. எகிப்தின் செல்வங்கள் ஐரோப்பியக் காட்சிச்சாலைகளுக்குச் சென்றன.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 1876ஆம் ஆண்டு யாகோர் என்னும் ஜெர்மானியப் பயணி ஆதிச்சநல்லூர் பரம்பில் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகக் காணும் வாய்ப்பு 2023இல்தான் ஆதிச்சநல்லூரில் உண்டாயிற்று.

குக் தொடங்கிய பெயரைத் தாங்கி வந்த பிரிட்டிஷ் நிறுவனம், 178 ஆண்டுகளுக்குப் பின், 2019 செப்டம்பர் 23ஆம் நாள் கடன் சுமையால் மூடப்பட்டது. அயல்நாடுகளில் இருந்த ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு அரசே விமானங்கள் அமர்த்தித் திருப்பி அழைத்து வந்தது. 1851இல் அவர் லண்டனுக்கு அழைத்துச் சென்றதும் ஒன்றரை இலட்சம் பேர்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இந்தியாவில் அப்பெயரில் இயங்கும் நிறுவனம் முன்னரே தனித்துப் பிரிந்துவிட்டதால் தப்பியது.

முடிவாக

நண்பர்களே, இனி நான் முதலில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். எனக்கு இக்கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீட்டில் பணம் இல்லை. சேர்க்கைக் கட்டணம் சிறிதுதான். விடுதி, புத்தகம், உடை, கைப்பேசி எல்லாம் சேர்ந்தபோது பெரிதாகிவிட்டது. அத்தை, ஏற்பாட்டாளர் திருப்பிக் கொடுத்த இருபதாயிரத்தையும் சீட்டில் எஞ்சியதையும் தந்தையிடம் கொடுத்துவிட்டார். எருசலேம் எங்கும் போய்விடாது, பிள்ளையின் படிப்புப் போய்விடும் என்று சொன்னாராம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி எனக்கு முன் ஒருவர் பயணத்தை விட்டுக்கொடுத்ததால் உருவாகிறார்.

ஆகவே, அத்தையின் பயணத்திற்கு நான் இப்போதே ஒரு நோட்டில் திட்டம் எழுதி வருகிறேன். எந்த மாதத்தில் வெயில் குறைவு, ஒரு நாளில் எவ்வளவு நடக்க வேண்டும், எங்கே படிக்கட்டு அதிகம், முழங்கால் வலி மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டுமா, கடவுச்சீட்டு எதுவரை செல்லும், பயணம் நின்றால் பணம் எத்தனை நாளில் திரும்பும், அதை எழுத்தில் தருவார்களா என்று வரிசையாகக் குறித்திருக்கிறேன். 2023 அக்டோபரில் அங்கே போர் மூண்டதைக் கண்டபின், அமைதி நிலவுகிறதா என்பதை முதல் வரியில் எழுதி வைத்தேன். முன்பணம் கட்டிய அன்று நம்மில் ஒருவரும் இவற்றைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

முன்னே சென்று பார்ப்பது குக் அவர்களின் முறை அல்லவா? கடந்த புரட்டாசியில் ஒருநாள், தந்தையின் வேனில் அத்தையை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் ஊரிலிருந்து அது வெகு அருகில்தான். ஆயினும் அறுபது வயதைக் கடந்த அத்தை அன்றுதான் முதன்முறையாக அதைக் கண்டார். கண்ணாடிக்குக் கீழே இருந்த தாழிகளை நெடுநேரம் குனிந்து பார்த்தார். எகிப்தில் இருப்பவை இவற்றைவிடப் பழையனவா என்று கேட்டார். பிரமிடுகள் இவற்றைவிடப் பழையன என்றேன். பிறகு, கால் வலிக்கிறது, எங்கே உட்காரலாம் என்றார். நோட்டை எடுத்து, அவர் எத்தனை நிமிடம் நின்றால் கால் வலிக்கிறது என்று குறித்துக் கொண்டேன்.

அறிவியல் மாணவராகிய நாம் அளந்து, கணக்கிட்டு, சரிபார்க்கக் கற்றுக்கொள்கிறோம். அந்தக் கல்வியை, வழி தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்ட நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயன்படுத்துவோம். பத்து வயதில் பள்ளியை விட்ட தாமஸ் குக் முன்பின் அறியாத ஆயிரம் பேருக்கு அதைச் செய்தார். பட்டம் பெறப் போகும் நாம் ஒருவருக்காவது செய்ய வேண்டாமா?